தக்காளிப் பெட்டியும் இன்ச் டேப்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. போனை வயிற்றின் மேல் நிறுத்தி வைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படிக்கலாம். அந்த வயிற்றைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். என் அண்ணனை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்து வாசலில் கொத்தமல்லிக் கட்டோடு சைக்கிளில் வந்து நின்று, "எங்க தங்கச்சி டீச்சர் இருக்குதா?" என்று கேட்பாரே, அவர்தான். இப்போது 68 வயது. அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தாள். தட்டு அப்படியே இருந்தது. இப்படித்தான் மூன்று வாரமாக என்றாள்.

உள்ளே அவர் மகன் பாயில் படுத்திருந்தான், முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை. வயது 37. ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினாலு வருஷமாக வேலை. முதலில் லைனில் நின்றான், இப்போது சூப்பர்வைசர், அதாவது கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி. இடுப்பிலிருந்து இடது கால் கெண்டைச்சதை வரைக்கும் நரம்பு இழுக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இடுப்புக்குக் கீழே ஒரு ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, அதற்கு அடுத்தது காய்ந்து கறுத்துப்போயிருக்கிறது என்று வந்திருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "நான்தாம்மா அவன் முதுக ஒடிச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னதன் பின்கதை எனக்குத்தான் தெரியும். பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது தக்காளி எடுக்கிற நாட்களில் விடியற்காலை நாலரைக்கே எழுப்பிவிடுவார். தோட்டத்திலிருந்து ரோட்டுக்குப் பெட்டி சுமக்க வேண்டும். அப்போதெல்லாம் மரப்பெட்டி, ஒன்று பதினைந்து கிலோவுக்குக் குறையாது. ராயக்கோட்டை மண்டிக்குப் போகிற வண்டி ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். இருபது பெட்டி, முப்பது பெட்டி சுமந்துவிட்டு, குளித்து, பள்ளிக்கு வந்து என் வகுப்பிலேயே தூங்குவான். ஒருநாள் நான் தாங்காமல் தோட்டத்துக்கே போய்ச் சத்தம் போட்டேன். "வளர்ற பிள்ளை மேல இவ்வளவு பாரம் ஏத்துறியே, நாளைக்கு இவன் முதுகு ஒடிஞ்சா அந்தப் பாவம் உனக்குத்தான்" என்றேன். அறிவியல் டீச்சர் சொன்னால் அறிவியல்தானே. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இருபத்து நாலு வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, ரிப்போர்ட் வந்த அன்றைக்கு எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அதனால்தான் உட்கார்ந்து படித்தேன். என் வாய் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் என் மாணவி ஒருத்தி கட்டுரைகளை அனுப்பினாள், புரியாத இடத்தை போனில் சொல்லிக் கொடுத்தாள். நான் அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் தவளை படம் வரையச் சொல்லிக் கொடுத்தவள். கணக்கு நேராகிவிட்டது.

முதலில் டாக்டர்களைப் பற்றி. நாங்கள் மூன்று பேரைப் பார்த்தோம். முதலாமவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வெயிட் தூக்காதீங்க, பெல்ட் போடுங்க" என்றார், இரண்டு நிமிஷம். எல்லை தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கால் செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லாமல் ஆபரேஷனுக்கு எஸ்டிமேட் தாள் கொடுத்தார்கள். மூன்றாமவர் வயதானவர். குதிகாலில் நட, நுனிக்காலில் நட, கட்டை விரலை மேலே தூக்கு, நான் அழுத்துகிறேன் என்றார். சிறுநீர் சிக்கல் இல்லாமல் போகிறதா, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. பிதுங்கின ஜவ்வு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணியும், நடமாடிக்கொண்டிருங்கள், படுத்தே கிடக்காதீர்கள் என்றார். அப்புறம் அவன் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை, கொழுப்பு, ஈரல் எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார். முதுகு வலிக்கு ஈரல் எதற்கு என்று கேட்டேன். "இந்தத் தொப்பை ஜவ்வுகிட்ட பேசுதுன்னு இப்ப சொல்றாங்கம்மா. கேஸ் இன்னும் முடியலை, ஆனா சாட்சி சேர்ந்துட்டு வருது" என்று சிரித்தார்.

தொப்பை எப்படிப் பேசும்? இங்கேதான் உங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். அடிப்போஸ் திசு, அதாவது கொழுப்புத் திசு, ஒரு சேமிப்புக் கிடங்கு என்று உங்களுக்கு வருஷா வருஷம் எழுதிப்போட்டேன். குளிரிலிருந்து காப்பாற்றும், அடிபடாமல் தாங்கும், பட்டினியில் உதவும். மூன்று வரி, மூன்று மார்க். இன்னொரு பாடத்தில் நாளமில்லாச் சுரப்பிகள்: பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல், கணையம் என்று பட்டியல். அந்தப் பட்டியலில் கொழுப்பு இருந்ததே இல்லை. 1994இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, கட்டுக்கடங்காமல் தின்று பருக்கும் ஒரு வகை எலியிடமிருந்து, பழுதான ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தது. அந்த மரபணு உண்டாக்க வேண்டிய ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் லெப்டோஸ் என்றால் ஒல்லி. அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. போதும், கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. அடுத்த ஓரிரு வருஷத்தில் அடிப்போனெக்டின் வந்தது. 2001இல் ரெசிஸ்டின் வந்தது. ஆக, கொழுப்பு ஒரு சுரப்பி. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வருஷமே இது கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. நான் ரிடையர் ஆகிற வரைக்கும் கிடங்கு, கிடங்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

லெப்டின் கிடைத்ததும் ஒல்லியாக்கும் மருந்து வந்துவிட்டது என்று உலகம் குதித்தது. அது நடக்கவில்லை. பருமனானவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கனவே ஏராளமாக இருந்தது, மூளைதான் அதைக் காதில் வாங்குவதை நிறுத்தியிருந்தது. பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி மாதிரி. ஆனால் மூளை கேட்காவிட்டாலும் உடம்பில் மற்ற இடங்களில் கேட்கிற காதுகள் இருக்கின்றன. லெப்டின் அங்கெல்லாம் அழற்சியைத் தூண்டுகிற பக்கம் சாய்கிறது. அடிப்போனெக்டின் பெரும்பாலும் எதிர்ப்பக்கம், தணிக்கிற பக்கம். வினோதம் என்னவென்றால், கொழுப்பு கூடக் கூட லெப்டின் ஏறுகிறது, அடிப்போனெக்டின் இறங்குகிறது. நம் மண்ணிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு நடத்திய க்யூர்ஸ் என்ற பெரிய ஆய்வில், அடிப்போனெக்டின் குறைவாக உள்ளவர்களிடம் தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்ற கூட்டணி அதிகம் என்று 2005இல் எழுதினார்கள்.

இனி ஜவ்வுக்கு வருவோம். நாம் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க் முதுகெலும்புகளுக்கு நடுவே 23 இருக்கிறது. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நார்ச்சுற்று, சுற்றுக்கு மேல் சுற்று. உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ். அக்ரிகான் என்ற ஒரு பெரிய மூலக்கூறுதான் அந்தத் தண்ணீரை விடாமல் பிடித்திருக்கிறது. இளம் நுங்கு தளதளவென்று இருக்கும், முற்றினால் காயாகிவிடும் இல்லையா, அதுபோலத்தான் வயதானால் டிஸ்க். எம்.ஆர்.ஐ.யில் தண்ணீருள்ள டிஸ்க் வெள்ளையாகத் தெரியும், காய்ந்தது கறுப்பாகத் தெரியும்.

இதில் நான் அசந்துபோன விஷயம், வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்கு உள்ளே ரத்தக்குழாய் கிடையாது என்பது. சாப்பாடு எப்படிப் போகும்? மேலும் கீழும் உள்ள எலும்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது, அதன் வழியாகக் கசிந்து போக வேண்டும். இதைக் கண்ணால் காட்டியது நம் கோயம்புத்தூர். கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனின் குழு பலருக்கு ஊசி மூலம் ஒரு சாயப்பொருளைச் செலுத்தி, மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்தது. எலும்புக்குள் சாயம் சில நிமிஷத்தில் வந்துவிட்டது. நலமான டிஸ்க்கின் நடுவில் அது உச்சத்துக்கு வர ஏறக்குறைய 6 மணி நேரம் பிடித்தது. அந்தத் தட்டு பழுதாகியிருந்த இடங்களில் இந்தக் கசிவின் ஒழுங்கே மாறியிருந்தது. 2004இல் வந்த இந்த ஆய்வுக்கு முதுகெலும்பு ஆராய்ச்சியில் பெரிதாக மதிக்கப்படும் சர்வதேசப் பரிசு கிடைத்தது. ஈரோடு, சேலம் பிள்ளைகள் ராத்திரி பஸ்ஸில் போய் இறங்குகிற அதே ஊர். பெருமையாக இருந்தது.

காலையில் தின்றது அங்கே போய்ச் சேர மத்தியானம் ஆகும் என்றால், அந்தச் செல்கள் எவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் என்று பாருங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள்ளும் ரத்தத்தில் மிதக்கிற பொருள்கள் கசிந்து போகின்றன. சாப்பாடு போகிற வழியில்தான் சேதியும் போகும். டிஸ்க் செல்களின் மேல் லெப்டினைப் பிடிக்கும் ஏற்பி இருப்பதை 2000களின் பிற்பகுதியில் கண்டார்கள். ஆய்வகத்துத் தட்டில் வளர்த்த டிஸ்க் செல்களுக்கு லெப்டின் கொடுத்தால், கூழையும் நாரையும் வெட்டுகிற நொதிகள் கூடுகின்றன. வேறு அழற்சிப் பொருள்களும் சேர்ந்தால் இன்னும் கூடுகிறது. அக்ரிகான் வெட்டுப்பட்டால் தண்ணீர் நிற்காது. தண்ணீர் போனால் கூழ் சுருங்கும், பாரம் நார்ச்சுற்றின் மேல் ஏறும், அதில் விரிசல் விடும். அடிப்போனெக்டின் இதைத் தணிப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொன்றும் சொன்னாள் என் மாணவி: பழுதான டிஸ்க் செல்களே கொஞ்சம் லெப்டினை உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, வீட்டிலேயே சுரந்தது எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை.

வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்திருப்பான். "டீச்சர், குண்டா இருந்தா எடை அழுத்துது, ஜவ்வு தேயுது. இதுக்கு எதுக்கு ஹார்மோன்?" நல்ல கேள்வி. பருமனானவர்களுக்கு முழங்கால் மூட்டு தேய்வதை எடை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் கூடுதலாக வருகிறது. யாரும் கையால் நடப்பதில்லை. கொழுப்பு எடையால் மட்டும் வேலை செய்யவில்லை என்று வைத்தியர்கள் சந்தேகப்பட இது ஒரு பெரிய காரணம்.

டிஸ்க்கிலேயே பார்த்தால், ஹாங்காங்கில் 2,599 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2012இல் வெளியிட்டார்கள். உடல் பருமன் கூடக் கூடத் தேய்ந்த டிஸ்க்குகளின் எண்ணிக்கையும் தீவிரமும் கூடியது. இதில் எடையின் பங்கு எவ்வளவு, ஹார்மோனின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு வேண்டிய பதில் வேறொரு இடத்தில் இருந்தது, பின்லாந்தில். அங்கே ஒரே கருவில் பிறந்த ஆண் இரட்டையர்கள் 115 ஜோடியைத் தேடிப்பிடித்தார்கள். மரபணு ஒன்று, வாழ்க்கை வேறு. ஒருவர் மூட்டை தூக்கியவர், மற்றவர் மேஜையில் உட்கார்ந்தவர் என்று. இருவர் முதுகையும் படமெடுத்து 1995இல் எழுதினார்கள். டிஸ்க் தேய்மானத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில், வாழ்நாள் முழுக்கச் சுமந்த பாரம் விளக்கியது நூற்றில் பத்துப் பங்குகூட இல்லை. குடும்பவாகு, அதாவது மரபணுவும் சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்த சூழலும், அதைவிடப் பல மடங்கு. இடுப்புக்குக் கீழ்ப்பகுதியில், அதாவது என் அண்ணன் மகனுக்கு வலிக்கிற இடத்தில், பாரத்தின் பங்கு இன்னும் குறைவு.

இந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் அல்ல. சூளகிரியில் தமிழ் பாதி, தெலுங்கு பாதி, நடுவில் கன்னடம் பேசுகிறோம். முதுகு வலி என்றால் மட்டும் மூன்று பாஷையிலும் ஒரே காரணம்தான், பாரம் தூக்கினது. படித்த நானும் அதையே சொன்னேன். அதை ஒரு மனிதன் நெஞ்சில் கல்லாகச் சுமந்திருக்கிறார்.

விடியற்காலையே போய் அண்ணனிடம் சொன்னேன். இரட்டையர் கதையைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு?" என்றார். பின்லாந்து என்றேன். "அங்க தக்காளி வெளையுமா?" என்றார். விளையுமாம், கண்ணாடி வீட்டுக்குள். "அப்ப அவங்க பெட்டி வேற" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டார் என்று அண்ணி சொன்னாள்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையை நாலரைக்கு எழுப்பிப் பெட்டி தூக்கவைத்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவன் தூக்கமும் படிப்பும் போனது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பாரம் ஒன்றுமே செய்யாது என்றும் சொல்லவில்லை. அளவுக்கு மீறித் தப்பாகக் குனிந்து தூக்கினால் பிடித்துக்கொள்ளும், அது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டிகளால்தான் இந்த ஜவ்வு போனது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். பதினாலு வருஷமாக அவன் தூக்கின கனமான பொருள் அவனுடைய டிபன் கேரியர்.

இப்போது அவன் கதை. "அத்தை, அப்பா மேல இருந்த பழிய எடுத்து என் தொப்பை மேல வச்சிட்டீங்க. நான் ஒண்ணும் குண்டு இல்லையே" என்றான். பார்த்தால் ஒல்லிதான். கையும் காலும் அண்ணன் மாதிரி குச்சி. எடை 68 கிலோ, உயரம் 167 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 24.4. மேல்நாட்டுக் கணக்கில் 25 வரை பாஸ். இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். என் தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தேன். "பேண்ட் சைஸ் 34 அத்தை" என்றான். பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டினால் 34 தான் வரும். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபிறகு, இறுக்காமல் வைத்தேன். 38. சென்டிமீட்டரில் 96க்கு மேல். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினால் கவனம் வேண்டும் என்பது கணக்கு.

இந்தக் குச்சிக் கை, தொப்பை வயிறு நமக்கே உரியது. புனேயில் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தின் டாக்டர் யுட்கின், இரண்டு பேரும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். யாஜ்னிக்கின் குழு இன்னும் பின்னால் போய்ப் பார்த்தது. புனே கிராமத்துக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைவு, தசை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே அப்படி. என் அண்ணன் மகன் பிறந்த வருஷம் மழை இல்லை. அண்ணி நிறைமாதத்திலும் களை பறித்தாள். குழந்தை இரண்டரைக் கிலோகூட இல்லை.

"இதுல உன் தப்பு எங்கடா இருக்கு" என்றேன். தொப்பை தின்று கொழுத்து வந்ததாகவே நினைத்து வெட்கப்படுகிறோம். வயிற்றிலிருக்கும்போது கிடைக்காத சாப்பாடும், வளர்ந்தபின் கிடைத்த நாற்காலியும் சேர்ந்தால் என்ன செய்வது? ராத்திரி ஷிப்ட் முடித்து ஐந்து மணிக்கு கேண்டீன் பரோட்டா, அரை மணி பஸ், பகலில் கெட்ட தூக்கம். சிப்காட் வந்ததால்தான் நம் பிள்ளைகள் வீடு கட்டினார்கள், நான் மறுக்கவில்லை. வீடு கட்டினவர்களின் இடுப்பையும் யாராவது அளந்து பார்க்கலாம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தோடு ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்திய ஆய்வில் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் என்று 2023இல் வந்தது. பத்துக்கு நாலு பேர். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3, வாசற்படியில் நிற்கிறது. ஈரலில் கொழுப்பு. அந்த வயதான டாக்டர் முதுகு வலி வந்ததற்கு நன்றி சொல்லுங்கள் என்றார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை வரவில்லை.

இதற்கு எதிரான சாட்சியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழைய டீச்சராகவே இருந்துவிடுவேன். அதே பின்லாந்து இரட்டையர் குழுவில், எடையில் நன்றாக வித்தியாசப்பட்ட ஜோடிகளைத் தனியாகப் பார்த்து 2010இல் எழுதினார்கள். கனமானவரின் டிஸ்க் மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், சில டிஸ்க்குகள் கொஞ்சம் நன்றாகவே இருந்தன! பழகின பாரம் டிஸ்க்குக்கு நல்லதோ என்றுகூட அவர்கள் யோசித்தார்கள். ஹாங்காங் ஒன்று சொல்கிறது, பின்லாந்து வேறொன்று சொல்கிறது. வெறும் கிலோ கணக்கு பதில் தராது என்பது மட்டும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிகிறது. எந்தக் கொழுப்பு, எங்கே இருக்கிறது, என்ன சுரக்கிறது என்ற கேள்விக்கு அதனால்தான் வந்திருக்கிறார்கள். லெப்டினைக் குறைத்து மனிதரின் ஜவ்வைக் காப்பாற்றியதாக இதுவரை எந்த மருந்தும் இல்லை. அப்படி ஏதாவது பொடி, கேப்ஸ்யூல் விளம்பரம் உங்கள் போனில் வந்தால் எனக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் படித்தேன். வலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த 33 ஆய்வுகளை 2015இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், மொத்தம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம். ஒருத்தருக்கும் வலி இல்லை. ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளைப் பார்த்து யாரும் களித்தட்டைத் தள்ளிவைக்க வேண்டாம். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் டாக்டர் இல்லை, தயவுசெய்து கமெண்டில் உங்கள் எம்.ஆர்.ஐ. படங்களைப் போடாதீர்கள். போன தடவை தைராய்டு பற்றி எழுதினபோது பதினேழு பேர் ரத்தப் பரிசோதனை அனுப்பினீர்கள்.

இப்போது ஆவணி. அவனுக்குக் கால் இழுப்பு வைகாசியிலேயே தொண்ணூறு பங்கு நின்றுவிட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. எக்சர்சைஸ் சொல்லித்தரும் பெண் ஒருத்தி, நம் பள்ளியில் படித்தவள்தான், முதுகுத் தசைக்குப் பயிற்சி கொடுத்தாள். முதல் மாதம் பயந்து பயந்து செய்தான். ஒரு வாளித் தண்ணியைத் தூக்கவே நடுங்கினான். தூக்காதே என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவன் முதுகு கண்ணாடி என்றே அவன் நம்பியிருந்தான். அதை மாற்றத்தான் அவளுக்கு அதிக நாள் பிடித்தது. ராத்திரி ஷிப்டில் பரோட்டாவுக்குப் பதில் அண்ணி கட்டிக் கொடுக்கிற களி உருண்டையும் கீரையும். இடுப்பு 38லிருந்து 36 ஆகியிருக்கிறது. எடை மூன்று கிலோதான் குறைந்தது. எதனால் வலி போனது, தானாகவா, பயிற்சியாலா, தொப்பை இறங்கியதாலா என்று கேட்டால், ஒரே ஒரு எலியை வைத்துச் செய்த ஆராய்ச்சி மாதிரிதான் இது. மார்க் போட மாட்டேன்.

சாயங்காலம் ஷிப்ட் இல்லாத நாட்களில் சின்னாறு அணைப் பக்கம் ரோட்டில் நடக்கிறார்கள், அப்பாவும் மகனும். நானும் போவேன், மூட்டு விட்டால். போன வாரம் வழியில் ஒரு டெம்போவில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் கிரேட். ஆள் குறைவாக இருந்தார்கள். அவன் பாட்டுக்குப் போய் முழங்காலை மடக்கி, மார்போடு அணைத்து, ஒன்றைத் தூக்கி ஏற்றினான். அப்புறம் இன்னொன்று. அண்ணன் ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஐந்தாவது கிரேட் முடிந்ததும், "போதும்டா, வா" என்றார். வீடு வரைக்கும் வேறு பேச்சில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அந்த டேப்ப எனக்கும் வையேன்" என்றார். வைத்தேன். 29. அறுபது வருஷம் மூட்டை தூக்கின முதுகு, வலி என்று ஒருநாள் படுத்ததில்லை. மகனுக்கு ஒரே சிரிப்பு. அண்ணியைக் கூப்பிட்டோம். டேப்பைப் பார்த்ததும் மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். இன்றைக்கு வரைக்கும் பிடி கொடுக்கவில்லை.